நாலாம் தாளில் இருந்த கிணறு

நேற்றுக் காலை பத்தரை மணிக்கு உறுதியான விஷயம் இது. ஏரிக்கரையில் ஸ்டெல்லா கட்டிய வீட்டின் தென்மேற்கு மூலையில் அஸ்திவாரக் கடைக்கால் சரியாக நாலரை அடி ஆழத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே ஒரு கைப்பிடி சரளைகூட இல்லை. கறுப்புக் களிமண்தான், மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும் மண். சொன்னவர், பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் கட்டடப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியர். குழிக்குள் அவரே இறங்கினார். டேப்பின் மேல்முனையை நான் பிடித்துக்கொள்ள, அளவை அவர் வாய்விட்டுப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். என் குறிப்பேட்டில் எழுதவைத்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

என் இன்னொரு கையில் நீ போட்டுக் கொடுத்த வீட்டுப் படத்தின் நாலாம் தாள் இருந்தது. லேமினேஷன் போட்ட தாள். மூலையில் ஆணி அடித்து மாட்டிய ஓட்டை. மூன்று வருடத்தில் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது, கோடுகள் மட்டும் நேற்றுப் போட்டதுபோல் இருந்தன. குழியிலிருந்து எழுந்த ஈரமண் வாசனையில் உன் ஆபீஸ் ஞாபகம் வந்தது. அங்கேயும் எப்போதும் இதே வாசனைதான்.

நீ கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை இதையெல்லாம் பேப்பரில் எழுதப்போகிறேன். அதற்கு முன் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சம்பந்தப்பட்ட ஆளைக் கேட்காமல் அவரைப் பற்றி எழுதக் கூடாது என்பது என் தொழிலில் முதல் விதி. இருபத்தாறு வருடத்தில் அதை ஒரே ஒரு தடவை மீறினேன். அது உனக்காக.

உன் ஆபீஸ், கும்மிடிப்பூண்டி பஜாரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இயந்திர பாகங்களுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்த நீ, அந்தக் கம்பெனி மூடியதும் வீட்டுப் படத்துக்கு வந்தாய். வீடு வரைகிற மென்பொருளை நீயாகவே உட்கார்ந்து கற்றுக்கொண்டாய். மவுஸை இழுத்தால் சுவர் எழும்பும், தட்டினால் கதவு வந்து உட்காரும். ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வரும் புருஷன் பெண்டாட்டியை உன் ஸ்டூலில் உட்காரவைத்து, இன்னும் கட்டாத வீட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போவாய். அடுப்பு கிழக்கே பார்க்கணும் என்று அந்த அம்மா சொன்னால் அடுப்பு திரும்பும். பீரோ வாசலை மறைக்குதே என்று அவர் சொன்னால் பீரோ நகரும். அவர்கள் முகம் மலர்வதை நீ பார்த்துக்கொண்டே இருப்பாய். கடைசியில் திரையை அணைத்துவிட்டு அதே வசனத்தைச் சொல்வாய். "கலர்ல காட்டினது ஆசைக்கு. கருப்பு வெள்ளையில குடுக்கப்போறேன் பாரு, அதான் ஊடு."

அந்தக் கருப்பு வெள்ளை ஆறு தாள். மனை, தரைத்தளம், முகப்பு, கடைக்கால், கரண்டும் தண்ணீர்க் குழாயும், கதவு ஜன்னல் பட்டியல். இந்தப் பக்கத்தில் அதற்கு முன் வீடு கட்டியவர்கள் மேஸ்திரியின் தலைக்குள் இருந்ததைத்தான் கட்டினார்கள். சிமென்ட் பையைக் கிழித்து அதில் பென்சிலால் நாலு கோடு போட்டால் அதுதான் பிளான். நீ தாளில் எழுதுவதெல்லாம் தமிழில் இருக்கும். ஒவ்வொரு அறைக்கும் நீள அகலத்தோடு மூலைக்கு மூலை அளவும் போடுவாய், சுவர் கோணலானால் மேஸ்திரி டேப்பை வைத்த மாத்திரத்தில் தெரியும் என்று. மனையில் இருக்கும் மரம், கிணறு, மின்கம்பம் எல்லாவற்றையும் குறித்து, அதிலிருந்து சுவர் எத்தனை அடி என்று எழுதுவாய். படித்த பொறியாளர்கள் போடும் படத்தைவிட உன்னுடையது தெளிவு என்று ஊத்துக்கோட்டை மேஸ்திரிகள்கூடச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

எனக்கு உன்னைப் பிடித்துப்போனது படத்தால் அல்ல, மண்ணால்.

கவரைப்பேட்டைப் பக்கம் நான் மனை வாங்கியபோது, படம் போட என்ன வேண்டும் என்று உன்னைக் கேட்டேன். கடப்பாரை என்றாய். மறுநாள் ஸ்கூட்டரில் வந்தாய். ஆள் வைத்து ஆறடிக்குக் குழி எடுக்கச் சொல்லி, பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு நீயே உள்ளே இறங்கினாய். அடி மண்ணை ஒரு பிடி எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, விரலுக்கு நடுவில் கயிறாகத் திரித்துப் பார்த்தாய். திரியாமல் உடைந்தது. "சரள. உனுக்கு நாலரை அடி போதும் பேப்பரு" என்றாய். என்னை நீ பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பேப்பருதான். ஸ்கூட்டர் பெட்டியில் கிடந்த எங்கள் பேப்பரின் ஒரு தாளைக் கிழித்து அந்த மண்ணைப் பொட்டலம் கட்டி, மார்க்கரால் என் பேரை எழுதினாய். உன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் அது போய் உட்கார்ந்தது. அங்கே ஏற்கெனவே முப்பது நாற்பது பொட்டலங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு வீடு.

எதற்கு இதையெல்லாம் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"குழி பாக்காம கோடு போட மாட்டேன். நாளைக்கு எவனாச்சும் கேட்டா காட்டணும்ல."

அதை அப்படியே தலைப்பாக்கி உன்னைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். அலமாரிக்கு முன்னால் நீ நிற்கும் போட்டோ. அதற்குப் பிறகுதான் கடம்பத்தூர், பொதட்டூர்பேட்டை என்று தூரத்து ஊர்களிலிருந்தும் உன்னைத் தேடி வந்தார்கள். நானும் கண்ணில் பட்டவரையெல்லாம் உன்னிடம் அனுப்பினேன். அப்படி அனுப்பிய ஆள்தான் ஸ்டெல்லா.

ஸ்டெல்லாவின் அப்பா அம்மா ஏரிப் பாசன வயலில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஸ்டெல்லா தொழிற்பேட்டையில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் அசெம்பிளி வரிசையில் நிற்கிறாள், புருஷன் பக்கத்துக் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறான். கம்பெனி பஸ் விபத்துச் செய்திக்குப் போனபோது பழக்கம். ஏரிக்கரையில் அப்பா பேரில் இருந்த பட்டா மனையில் வீடு கட்டப்போவதாகச் சொல்லி, நல்ல ஆளாகச் சொல்லுங்க சார் என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை.

அவளை உன் ஆபீசுக்குக் கூட்டிவந்த அன்று நானும் இருந்தேன். உன் வலது காலில் கட்டு இருந்தது. செருப்பு பிஞ்சி ஆணி ஏறிட்டுது என்று சிரித்தாய். சமையலறை ஜன்னலைத் தெருப்பக்கம் வைத்திருந்தாய். அவள் அதை ஏரிப்பக்கம் திருப்பச் சொன்னாள். தெருவைப் பார்த்தால் யாராவது கூப்பிட்டுப் பேசுவார்கள், சாதம் அடிப்பிடிக்கும் என்றாள். நீ மவுஸைத் தட்டி ஏரியையே ஜன்னலுக்குள் கொண்டுவந்து வைத்தாய். அவள் திரைக்குக் கிட்டே குனிந்து, "இது மாதிரியே வருமா சார்?" என்று கேட்டாள். இத விட நல்லா வரும் என்றாய்.

நாலே நாளில் ஆறு தாளும் தயாராகிவிட்டது. எனக்கு நீ ஒரு மாதம் எடுத்துக்கொண்டாய். கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டியவர் ஏழுமலை மேஸ்திரி. அவரையும் நீதான் சொன்னாய். படம் படிக்கத் தெரிந்த மேஸ்திரி இந்த வட்டாரத்திலேயே நாலு பேர்தான், அதில் இவர் ஒருத்தர் என்றாய். ஆறு தாளையும் லேமினேஷன் போட்டு, வேலை நடக்கும் இடத்தில் கம்பு நட்டு வரிசையாக மாட்டுவார். சித்தாள் சந்தேகம் கேட்டால் வாயால் பதில் சொல்ல மாட்டார், போய்ப் பார் என்று தாளைக் கை காட்டுவார்.

கிரகப்பிரவேசத்துக்கு ஸ்டெல்லா ஃபாதரைக் கூப்பிட்டு ஜெபம் வைத்தாள். பிரியாணி போட்டாள். நீயும் நானும் ஏழுமலையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இரண்டாவது மழைக்கு அடுத்த கோடையில் விரிசல் வந்தது. முதலில் தலைமுடி மாதிரி. பிறகு சமையலறை ஜன்னலின் மூலையிலிருந்து செங்கல் வரிசையைப் படிப்படியாகப் பிளந்துகொண்டு கூரை வரை ஏறியது. படுக்கையறைக் கதவைச் சாத்த முடியவில்லை. விரிசலில் ஒரு ரூபாய்க் காசு உள்ளே போகிற அளவுக்கு இடைவெளி. வீடு கட்டிய கடன் இன்னும் பதின்மூன்று வருடம் இருக்கிறது சார் என்று ஸ்டெல்லா போனில் சொன்னபோது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நேரே உன்னிடம் வந்தேன். நீ நாலாம் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாய்.

"நாலரை அடின்னு கொட்ட எழுத்துல போட்டுக்கீறேன். அவன் மூணரையோட நிறுத்திட்டான். ஏரி ஓரத்துல இப்டி செஞ்சா விரிசல் உடாம இன்னா பண்ணும்?"

நீ தோண்டிப் பார்த்தாயா என்று கேட்டேன். நான் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் பதிலும் ஞாபகம் இருக்கிறது. "பாத்துட்டுதான் சொல்றேன் பேப்பரு."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால், எங்கே, எப்போது, கூட யார் இருந்தார்கள் என்று மூன்று கேள்வி கேட்டிருப்பேன். நேரில் போய் டேப் வைத்திருப்பேன். அளக்காத எதையும் நான் எழுதியதில்லை. ஏழுமலைக்குப் போன் செய்தேன். ஊத்துக்கோட்டையில் சாரத்தின்மேல் நிற்கிறேன், சாயந்தரம் நேரில் வந்து பேசுகிறேன் என்றார். நான் நாலு மணிக்கே செய்தியை அனுப்பிவிட்டேன். ஏரிப் பகுதிகளில் வீடு கட்டுவோர் கவனிக்க வேண்டியவை என்ற பெரிய செய்திக்குள் அது நாலு வரி. மேஸ்திரி ஆழத்தைக் குறைத்ததே விரிசலுக்குக் காரணம் என்று வரைபடம் தயாரித்தவர் தெரிவித்தார். பேர் போடவில்லை. பேர் போடாததை அன்றைக்கு ஒரு பெருந்தன்மையாகவே நினைத்தேன்.

அதற்குப் பிறகு பத்து மாதம் உயிரோடு இருந்தாய். செவ்வாய்க்கிழமைதோறும் உன் ஆபீசில் டீ. மருமகன் வண்டி வாங்கியது, மின்வெட்டு, உன் சர்க்கரை, என் ரத்த அழுத்தம் எல்லாம் பேசினோம். ஒரு செவ்வாய்க்கிழமை நானே கேட்டேன், ஏழுமலை என்ன ஆனார் என்று. தெரியலியே என்றாய். ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே டீக்கடைப் பையனைக் கூப்பிட்டு இன்னொரு டீ சொன்னாய்.

மார்பைப் பிடித்துக்கொண்டு நீ ஸ்கூட்டரிலிருந்து சரிந்த செய்தி வந்தபோது நான் கலெக்டர் ஆபீசில் இருந்தேன். உன் அஞ்சலிக் குறிப்பை நானே எழுதினேன். குழி பார்க்காமல் கோடு போடாதவர் என்று தலைப்பு வைத்தேன். உன் வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் உன் மனைவி கூப்பிட்டாள். ஆபீஸ் அறையைக் காலி செய்கிறேன் அண்ணா, மண்ணையெல்லாம் கொட்டிவிடலாமா, உங்களுக்கு ஏதாவது வேண்டுமா என்றாள். என் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று போனேன். அது இருந்தது. பிரித்துப் பார்த்தேன், சரளை. சுற்றியிருந்த பேப்பரின் தேதி, என் வீட்டுக்குக் கடைக்கால் எடுப்பதற்கு இரண்டு மாதம் முந்தியது. எல்லாம் சரியாக இருந்தது. தேதி பார்ப்பது என் தொழில் வியாதி.

அதே வியாதியில்தான் பக்கத்துப் பொட்டலங்களையும் பார்த்தேன். ஸ்டெல்லா என்று எழுதிய ஒன்று கடைசித் தட்டில், மற்றவற்றுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே கறுப்புக் களிமண், காய்ந்து பாளம் பாளமாக. சுற்றியிருந்தது எங்கள் பேப்பரின் விளையாட்டுப் பக்கம். அதன் தேதியைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஸ்டெல்லா வீட்டுக்குக் கடைக்கால் எடுத்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆன பிறகு வந்த பேப்பர் அது. சரியாகச் சொன்னால், என் நாலு வரி வெளியான ஐந்தாம் நாள்.

ஆக, கட்டும் முன் நீ குழி பார்க்கவில்லை. தோண்டிப் பார்த்தேன் என்று என்னிடம் சொன்ன அன்றும் பார்த்திருக்கவில்லை. செய்தி வந்து ஐந்து நாள் கழித்துப் போய்ப் பார்த்திருக்கிறாய். களிமண்ணைக் கையில் எடுத்திருக்கிறாய், திரித்தும் பார்த்திருப்பாய், நூலாகவே வந்திருக்கும். பேர் எழுதி அலமாரியில் வைத்துவிட்டு, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து பத்து மாதம் என்னோடு டீ குடித்தாய்.

ஒரு பொட்டலத்தை மட்டும் வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது. ஸ்டெல்லாவிடம் கேட்டேன். ஆமாம் என்றாள். பேப்பரில் வந்த பிறகு ஒரு நாள் ஆள் கூட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்னால் தோண்டினார், எதற்கு என்று கேட்டதற்கு மேஸ்திரி எவ்வளவு ஆழம் எடுத்தான் என்று பார்க்கத்தான் என்றார், கொஞ்சம் மண் எடுத்துக்கொண்டு மூடிவிட்டுப் போனார். எவ்வளவு ஆழம் இருந்தது என்று சொன்னாரா என்றேன். "ஒண்ணியும் சொல்லல சார். மொகம் ஒரு மாதிரி இருந்துச்சி. தண்ணி குடுத்தேன், வேணான்ட்டாரு."

பிறகு உன் கம்ப்யூட்டர். பாஸ்வேர்டை உன் மனைவியே போட்டுக் கொடுத்தாள். ஸ்டெல்லாவின் கோப்பைத் திறந்து நாலாம் தாளைப் பார்த்தேன். வடகிழக்கு மூலையில் ஒரு வட்டம். பக்கத்தில் உன் தமிழ்: பழைய கிணறு, சுவரிலிருந்து ஒன்பது அடி.

ஸ்டெல்லாவின் மனையில் கிணறு கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை. வடகிழக்கு மூலையில், சுவரிலிருந்து ஒன்பது அடியில் கிணறு இருப்பது என் வீட்டில். என் கோப்பை எடுத்து வேறு பேரில் சேமித்து, அறைகளை மாற்றி, ஜன்னலை ஏரிப்பக்கம் திருப்பி, கடைக்கால் தாளைத் தொடாமலே அச்சடித்துக் கொடுத்திருக்கிறாய். என் சரளைக்கு நீ சொன்ன நாலரை அடியை அவள் களிமண்ணுக்குக் கொடுத்திருக்கிறாய். என் கிணறும் கூடவே போயிருக்கிறது.

உன் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அந்த வருடம் அவருக்குக் காலில் புண் அண்ணா, ஆணி எதுவும் ஏறவில்லை, சர்க்கரைப் புண், ஒரு விரலையே எடுத்தார்கள், யாரிடமும் சொல்லக் கூடாது என்றார், தெரிந்தால் வேலை கொடுக்க மாட்டார்கள் என்றார் என்று சொன்னாள். அதைக் கேட்டபோது ஒரு நிமிடம் உன்மேல் இருந்த கோபம் தணிந்தது. குழியில் இறங்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இறங்கியிருப்பேனே. பிசைந்து திரிக்க எனக்கும் தெரியும், நீதானே காட்டினாய். புண்ணை மன்னித்துவிடலாம். புண் ஆறிய பிறகு, எல்லாம் தெரிந்த பிறகு, இன்னொருத்தன் பேரைக் குழியில் போட்டு மூடினாயே, அதை எப்படி மன்னிப்பது? உன் மனைவி ஒன்று மட்டும் கேட்டாள். "செத்தவரு மேல எழுதணுமா அண்ணா?"

உயிரோடு ஒருத்தர் இருக்கிறாரே அம்மா என்றேன்.  கோப்பைப் பென்டிரைவில் போட்டு அவளே என் கையில் கொடுத்தாள்.

ஏழுமலை இப்போது தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. நீல யூனிஃபார்ம் தோளில் பெரிதாக நிற்கிறது. என்னைப் பார்த்ததும் லாரி எண்ணை எழுதும் நோட்டை மூடினார்.

"இன்னா சார், கம்பெனி காம்பவுண்டுல எதுனா விரிசலா?"

 தாளைக் காட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

"கடகால் எடுத்த அன்னிக்கே போன் பண்ணேன் சார். மண்ணு கொழகொழன்னு கீது, இன்னும் ரெண்டடி போலாமான்னேன். படத்துல இன்னா கீதோ அத்த செய்யின்னாரு. கெணறு போட்டுக்கீதே, இங்க கெணறே இல்லியேன்னேன். 'இல்லன்னா தோண்டிக்கோ'ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சிக்கினு வேலைய பாத்தேன்."

நீங்களாவது இரண்டடி இறங்கியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"படத்த மீறி கட்டுனா மேஸ்திரி மேல தப்பு. படத்த பாத்து கட்டுனா யார் மேல சார் தப்பு? உங்க ஃபிரண்டுதான் எங்களுக்கு அத்த கத்துக் குடுத்தாரு. படத்துக்கு மேல பேசாதன்னு."

ஒரு லாரி வந்தது. எண்ணை எழுதி, டிரைவரிடம் சீட்டு வாங்கி, கேட்டைத் தூக்கி இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். பேர் இல்லாமலே ஊருக்கு ஆள் தெரிந்துவிட்டதாம். என் நாலு வரிக்குப் பிறகு கையில் இருந்த இரண்டு வீட்டையும் வேறு மேஸ்திரிக்கு மாற்றிவிட்டார்களாம். மற்ற மேஸ்திரிகளிடம் கூலிக்குப் போனால் மூணரை அடி வந்துட்டாரு என்று கிண்டல். ரேஷன் கடை வரிசையில் எல்லாரும் கேட்கும்படி ஸ்டெல்லா அவரை மண்ணைத் தின்றவன் என்றாளாம். அதையெல்லாம் வருத்தமில்லாமல், வேறு யாருக்கோ நடந்ததுபோல் சொன்னார். கடைசியில்தான் என் கண்ணைப் பார்த்தார்.

"அன்னிக்கு சாயந்தரம் நான் வந்தேன் சார். ஊத்துக்கோட்டையிலேருந்து பஸ் புடிச்சி, நீங்க இருப்பீங்கன்னு பஜாருல அவரு ஆபீசுக்கே வந்தேன். நீங்க கெளம்பிட்டீங்க. அவருதான் இருந்தாரு. 'எல்லாம் பேசிட்டேன், நீ போ'ன்னாரு."

இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை.

நேற்று ஏழுமலை இரவு ஷிஃப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு யூனிஃபார்மோடு ஏரிக்கரைக்கு வந்தார். வாசலுக்குள் வராமல் தெருவிலேயே நின்றார். ஸ்டெல்லா வெளியே வந்து, உள்ளே வாங்க மேஸ்திரி என்றாள். வந்தார். அந்த வீட்டின் குழியை அவரேதான் தோண்டினார், சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு. கடைக்காலின் அடி தெரிந்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு, விளிம்பிலிருந்த மண்ணைக் கையாலேயே துடைத்து விட்டார். ஆசிரியர் நாலரை என்று படித்தபோது அவர் குழியின் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை படித்தபோது தலையை மட்டும் ஆட்டினார்.

"மேஸ்திரி, நான் ரேஷன் கடையில பேசினது..." என்று ஸ்டெல்லா ஆரம்பித்தாள்.

"உடும்மா. மொதல்ல ஊட்ட பாப்போம்."

மழைக்கு முன்னால் ஏதாவது செய்ய முடியுமா என்று அவர்தான் ஆசிரியரைக் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் தோண்டி, கடைக்காலை அகலமாக்கித் தாங்க வைக்கலாம், ஆனால் மண்ணைச் சோதித்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார் ஆசிரியர். அந்தப் படுக்கையறையில் படுக்கலாமா என்று ஸ்டெல்லா கேட்டாள். இப்போதைக்கு வேண்டாம் என்றார். அவளும் புருஷனும் உடனே கட்டிலை ஹாலுக்கு நகர்த்தினார்கள். ஒரு முனையை ஏழுமலை பிடித்தார். கடையில் வாங்கிவந்த நாஷ்டாவை எல்லாரும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தே சாப்பிட்டோம். சமையலறை ஜன்னலில் ஏரி தெரிந்தது. நீ திரையில் காட்டியதைவிட நன்றாகத்தான் இருந்தது, அந்தப் பேச்சை மட்டும் நீ காப்பாற்றியிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து என் சுவர்களுக்கு மூலைக்கு மூலை டேப் வைத்துப் பார்த்தேன். எட்டு வருடமாயிற்று, அரை அங்குலம்கூட மாறவில்லை. எனக்காக நீ குழியில் இறங்கினாய். என் வீட்டுக்கு நீ உண்மையாக இருந்ததை வைத்துத்தான் ஊரெல்லாம் உன்னை நம்பச் சொன்னேன். என் வீட்டிலும் நீ ஏமாற்றியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. என் பொட்டலம் இப்போது என் பையில் இருக்கிறது, குறிப்பேட்டுக்குப் பக்கத்தில். யாராவது என்னிடம் பாத்துட்டுதான் சொல்றேன் என்றால், கை தானாக அதைத் தொட்டுப் பார்க்கிறது. உன்னிடமிருந்து மிச்சம் அதுதான்.

களிமண்ணின் சோதனை முடிவை எழுத்தில் வியாழக்கிழமை மதியத்துக்குள் தருவதாகப் பாலிடெக்னிக் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அது வந்த பிறகே ஸ்டெல்லாவின் வீட்டைத் தாங்க வைக்கும் வேலை என்றைக்குத் தொடங்கும் என்று தெரியும். ஐப்பசி மழைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அந்த வேலையை ஏழுமலையே செய்வாரா என்று ஸ்டெல்லா கேட்டிருக்கிறாள், அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. உன் கம்ப்யூட்டரில் அந்த வருடத்துக் கோப்புகளைப் பார்த்ததில் இன்னும் மூன்று வீடுகளின் நாலாம் தாளில் என் கிணறு இருக்கிறது. அந்த மூன்று வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விடுவேன்.

திருத்தச் செய்தி வெள்ளிக்கிழமை, பழைய செய்தி வந்த அதே பக்கத்தில். இந்த முறை ஏழுமலையின் பேர் இருக்கும், அளவு இருக்கும், தவறாக எழுதியவன் என்று என் பேரும் இருக்கும். உன் பேரும் இருக்கும். நீ ஏதாவது சொல்ல நினைத்திருந்தால் அதற்கும் இடம் விட்டிருப்பேன்.

பேப்பர் கட்டு கும்மிடிப்பூண்டிக்கு விடிகாலை ஐந்து மணிக்கு வந்துவிடும். ஏழுமலை அன்றைக்கு ஆறு மணி ஷிஃப்ட். அவர் பேப்பர் வாங்குவதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நானே போகிறேன். அன்றைக்குப் பஸ் பிடித்து வந்தவர் அவர்.